மச்சானின் வலது கை

மலைப்பாதையில் எந்த வளைவில் எந்த வண்டி கவிழ்ந்தாலும் முதல் போன் கொக்கிக்காரருக்குத்தான் வரும். போலீசுக்குச் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம். பெட்ரோல் பங்கை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவருடைய மீட்பு வண்டி எப்போதும் மூக்கை வெளியே நீட்டியபடி நிற்கும். பின்னால் இரும்புக் கை, அதில் சுற்றிய கம்பிக்கயிறு, கயிற்று நுனியில் ஒரு ஆள் தலை அளவு கொக்கி. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

இருபத்தேழு வருடங்களில் லாரி, பஸ், பால் வண்டி, ஒருமுறை கல்யாணக் கோஷ்டி முழுவதையும் ஏற்றிய வேன் என்று எத்தனையோ வண்டிகளைப் பள்ளத்திலிருந்து இழுத்திருந்தார். "இரும்பு சொல்லிட்டுத்தான் உடையும். நமக்குக் காது இருக்கணும், அவ்வளவுதான்" என்பார். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் அந்தக் காதும் உதவாமல் போனது. நசுங்கிய லாரிக்குள் கால் மாட்டிக்கொண்டு கிடந்த டிரைவரை அவர் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தபோதே தீ பிடித்தது. டிரைவர் அவர் சட்டைக் கையை விடவில்லை. கடைசியில் சட்டை கிழிந்ததால்தான் கொக்கிக்காரர் பிழைத்தார். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஆனால் டீசல் வாசனை கொஞ்சம் தூக்கலாக அடித்தாலே முகம் மாறிவிடும்.

அவருடைய மனைவிக்கு ஒரே தம்பி. கடைவீதியில் தையற்கடை வைத்திருந்தான். கோட்டு தைப்பதில் அவனை அடித்துக்கொள்ள அந்த ஊரில் ஆள் இல்லை. நாலு வருடமாக அந்த மச்சானும் இவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு சுவர். கொக்கிக்காரர் மீட்பு வண்டியைப் பின்னால் எடுத்தபோது தையற்கடையின் பக்கச் சுவர் இடிந்து, உள்ளே இருந்த தையல் மெஷின் மீது விழுந்தது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். இவரோ வண்டியை விட்டு இறங்கி, செங்கல் ஒன்றை எடுத்துக் கையால் பொடித்துக் காட்டி, "சுவர் ஏற்கெனவே மக்கிப்போய் இருந்துச்சு மச்சான்" என்றார். அவ்வளவுதான்.

மனைவி இருவருக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள். அவளுக்கு இதய வால்வில் கோளாறு என்று தெரிந்து, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் மகள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருக்கிறது என்றார்கள். ஆனால் ஒரு காலை மகள் போன் செய்தாள்.

"அப்பா, நாளைக்கே பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அம்மா உங்களையும் மாமாவையும் பார்த்துட்டுத்தான் உள்ளே போவேன்னு அடம்பிடிக்கிறாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வரணுமாம்."

மண்சரிவால் சாலை மூடிக் கிடந்தது. மிச்சம் இருந்தது சின்ன விமானம் ஒன்றுதான். பதினாலு பேர் உட்காரலாம், நாற்பது நிமிடப் பயணம். விமான நிலையம் என்பது ஒரு ஓடுபாதையும் ஒரு நீளமான அறையும். அங்கே பயணிகளைக்கூட எடை போட்டுத்தான் ஏற்றினார்கள். கொக்கிக்காரர் எடைமேடையில் ஏறியதும் ஊழியர் அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"ஸ்பேனர். இது இல்லாம எனக்கு நடக்கவே வராது."

வரிசையில் பின்னால் நின்ற மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவன் இருமலாக மாற்றிக்கொண்டான். ஸ்பேனரை வாங்கி வைத்தவர்கள் அதே பையில் இருந்த தீப்பெட்டியைக் கவனிக்கவில்லை.

விமானத்தில் ஒருபுறம் ஒற்றை இருக்கைகள், மறுபுறம் இரட்டை. விதி பாருங்கள், இரட்டையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். மச்சான் வலதுபுற ஜன்னலோரம் உட்கார்ந்தான். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒற்றை இருக்கையில் தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு டீச்சர். ஏறும்போதே, "எனக்கு வாந்தி வரும், யாரும் தப்பா நினைச்சுக்காதீங்க" என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார்.

கிளம்பி இருபது நிமிடம் எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு மேகத்துக்குள் நுழைந்தார்கள். ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கொக்கிக்காரர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு குறையும் இல்லை. அந்தச் சத்தத்தின் மேல் நம்பிக்கை வைத்துக் கண்ணை மூடினார்.

"மாமா" என்றான் மச்சான். நாலு வருடத்தில் முதல் வார்த்தை. "வெளியே கறுப்பா ஏதோ..."

மேகத்துக்குள்ளிருந்து பாறை வந்தது. விமானி இடது பக்கம் திருப்பியிருக்க வேண்டும். எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்தார்கள். வலது இறக்கை மரங்களை அடித்தது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. ஜன்னல்கள் உள்பக்கமாக வெடித்தன. அடுத்த அடியில் விமானத்தின் வால் பகுதி ஆட்களோடு தனியாகப் பிய்ந்து போனது. கொக்கிக்காரர் திரும்பிப் பார்த்த அந்தக் கணத்தில் பின்வரிசை இருந்த இடத்தில் வானம் இருந்தது. மிச்சம் இருந்த உடல் வயிற்றால் பாறைச்சரிவில் தேய்ந்துகொண்டு இறங்கியது. பெட்டிகள், காலணிகள், கண்ணாடிச் சில்லுகள் எல்லாம் குண்டுபோல் முன்னோக்கிப் பறந்தன. முன் இருக்கைகள் தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் மோதின. யாரோ ஒரே எழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெரிய பாறை எல்லாவற்றையும் நிறுத்தியது. கத்தலும் நின்றது.

கண்ணைத் திறந்தபோது வாயில் ரத்தம். இடது காது மடல் கிழிந்து தொங்கியது. மூச்சு இழுத்தால் விலாவில் கத்தி சொருகியது. முன் இருக்கையில் இருந்தவரின் கழுத்து, கழுத்து திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. அவருக்கும் முன்னால் இருந்தவர்களை மனிதர்களாகப் பிரித்தறிய முடியவில்லை. கொக்கிக்காரர் எத்தனையோ பிணங்களைப் பார்த்தவர். ஆனால் எப்போதும் வெளியிலிருந்து உள்ளே பார்த்தவர்.

அப்போதுதான் சொட்டும் சத்தம் கேட்டது. கூடவே எரிபொருள் வாசனை, தொண்டையைக் கட்டும் அளவுக்கு. தலைக்கு மேல் அறுந்து தொங்கிய வயர் ஒன்று டப் டப்பென்று பொறி விட்டது. கீழே, பிய்ந்து விழுந்த இன்ஜினைச் சுற்றிப் புதர் எரிந்துகொண்டிருந்தது. முப்பதடிகூட இருக்காது.

"மாமா, கை வரலை."

மச்சானின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. விமானத்தின் பக்கச் சுவர் உள்நோக்கி மடிந்து, இறக்கையைத் தாங்கும் உத்தரம் இருக்கையின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. முழங்கைக்குக் கீழே அவன் வலது கை அந்த இரண்டுக்கும் நடுவில் போய் மறைந்திருந்தது.

கொக்கிக்காரர் உடைந்த இருக்கைக் காலை எடுத்து நெம்பினார். குழாய் வளைந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வளைந்தது. உத்தரம் இம்மி நகரவில்லை. அதற்குள் நடைபாதைக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சர் எழுந்தார். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தாலும் கைகால் நன்றாக இருந்தது.

"என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றார்.

முன்னால் விமானிகளின் இடத்திலிருந்து ஒரு முனகல். தலைமை விமானி இறந்து கிடந்தார். துணை விமானி பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, "என் சீட்டுக்குப் பின்னாடி கோடாரி இருக்கு" என்றார். கொக்கிக்காரர் பிணங்களின் மேல் தவழ்ந்து போய் அதை எடுத்து வந்தார். குட்டைக் கைப்பிடி, நல்ல எடை. அவர் உத்தரத்தை ஓங்கி அடித்தார். பொறி பறந்தது. மறுபடி அடித்தார். மறுபடியும் பொறி.

"ஐயோ, நிறுத்துங்க!" என்று டீச்சர் கத்தினார். "எண்ணெய் சொட்டுது, தெரியலையா?"

அவருக்குத் தெரியாததா? கோடாரியை இறக்கினார். இரும்பை அடித்தால் பொறி வரும். பொறி வந்தால் எல்லோரும் போக வேண்டியதுதான். புதர்த் தீயின் புகை உள்ளே வரத் தொடங்கியது. தகடு எங்கோ கிரீச்சிட்டது. இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த டிரைவரின் விரல்களை அவர் தோளில் மறுபடி உணர்ந்தார்.

மச்சான் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் என்ன நினைக்கிறார் என்பது அவர் சொல்லும் முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாம் மாமா."

"மச்சான், நேரமில்ல."

"இது வலது கை மாமா! இது போனா நான் எதுக்கு? நீங்க போங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. நான் இங்கேயே இருந்துக்கிறேன்."

"உங்க அக்காகிட்ட நான் என்ன பதில் சொல்றது?"

"கையை வெட்டிட்டு வந்தேன்னு சொல்லப்போறீங்களா?"

கொக்கிக்காரர் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவன் மேல்கையில் சுற்றி, காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். மச்சான் இடது கையால் அவரை அடித்தான். முகத்தில், மார்பில், உடைந்த விலாவில் அடித்தான். டீச்சர் அந்தக் கையைப் பிடித்து அதன் மேல் தன் முழு உடம்பையும் சாய்த்துப் படுத்தார். கோடாரி இரும்பில் படாமல் இருக்க, தோல் பையை முழங்கைக்கு அடியில் திணித்தார்கள்.

முதல் வெட்டில் சதை பிளந்தது. எலும்பு உடையவில்லை. மச்சானின் அலறல் மனிதக் குரலாகவே இல்லை. இரண்டாவது வெட்டு கொஞ்சம் தள்ளி விழுந்தது. கொக்கிக்காரரின் கண்ணில் ரத்தம் தெறித்தது, துடைத்துக்கொள்ள நேரமில்லை. மச்சான் தலையைத் தூக்கி அவர் தோளைக் கடித்தான். கடித்த பல் உள்ளே இறங்கியது. அப்படியே கடிபட்டுக்கொண்டே மூன்றாவது முறை ஓங்கினார். பிறகு நாலாவது. தோல் பை வரைக்கும் கோடாரி இறங்கியபோது மச்சானின் தாடை தளர்ந்தது. மயங்கிவிட்டான்.

பிய்ந்த பின்பக்கம் வழியாக அவனை இழுத்தார்கள். பிறகு கொக்கிக்காரர் மறுபடி உள்ளே போய்த் துணை விமானியின் பெல்ட்டை அறுத்து அவரை இறக்கினார். வேறு யாருக்காவது மூச்சு இருக்கிறதா என்று கழுத்து கழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். இல்லை. பதினாறு பேரில் நாலு பேர். அறுபதடி தள்ளி ஒரு பாறை மறைவில் நால்வரும் ஒண்டிக்கொண்டு விமானம் வெடிக்கக் காத்திருந்தார்கள்.

விமானம் வெடிக்கவில்லை.

கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. தூறல் பிடித்தது. புதரில் எரிந்த தீ புஸ்ஸென்று ஆவியாகி அணைந்தது. வயரின் பொறியும் நின்றுவிட்டது. சிதைந்த விமானம் பாறையில் சாய்ந்து, மழையில் நனையும் பழைய பஸ்போலச் சும்மா நின்றது. கொக்கிக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் மச்சானின் தலை. எரிந்துவிடு என்று மனதுக்குள் மன்றாடினார். ஒரே ஒரு தரம் எரிந்து காட்டு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அவர் விரல் சட்டைப் பையில் தீப்பெட்டியைத் தொட்டது. எழுந்து விமானத்தை நோக்கி நடந்தார். "எங்கே போறீங்க?" என்று டீச்சர் கேட்டதற்கு, "துணி ஏதாவது கிடைக்குமான்னு பார்க்கிறேன்" என்றார். எண்ணெய் சொட்டிய இடத்தில் போய் நின்றார். உள்ளே முன் இருக்கைக்காரரின் கை ஜன்னல் வழியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தீக்குச்சியை எடுத்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்கே தெரியாது. பிறகு குச்சியை உடைத்தார். பெட்டியைப் பள்ளத்தில் வீசினார். ஒரு கம்பளியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து மச்சானின் மேல் போர்த்தினார்.

மீட்புப் படை வந்து சேர நாலு மணி நேரம் ஆயிற்று. பிணங்களை எடுக்க அவர்கள் நண்டுக் கொடுக்குபோல ஒரு எந்திரம் கொண்டுவந்திருந்தார்கள். அது பொறி எதுவும் இல்லாமல் உத்தரத்தைக் கவ்வி நெரித்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, டப்பா மூடியைப்போலச் சுவர் திறந்துகொண்டது. கொக்கிக்காரர் ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தார். ஒரு படைவீரர் துணியில் சுற்றி எதையோ எடுத்து வந்தார். துணி விலகிய இடத்தில், கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல் தெரிந்தது. கொக்கிக்காரர் குப்புறக் கவிழ்ந்து வாந்தி எடுத்தார்.

மனைவியின் ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. அவள் கட்டிலருகே அவர் போய் நின்றபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவன் உயிரோட இருக்கானா?"

"இருக்கான்."

"நீங்கதான் வெட்டினீங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?"

"நிஜம்."

அவள் அவருடைய கையைத் தேடிப் பிடித்தாள். பிடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

மச்சானுக்குத் தெளிவு வந்த நாலாம் நாள் கொக்கிக்காரர் அவன் அறைக்குப் போனார். கட்டுப்போட்ட குட்டைக் கை தலையணை மேல் இருந்தது.

"ஏன் வெட்டினீங்க?" என்றான் மச்சான்.

"தீ பிடிச்சிடும்னு நினைச்சேன்."

"பிடிச்சுதா?"

"இல்ல."

மச்சான் பக்கத்து மேஜையில் இருந்த தண்ணீர்ச் செம்பை இடது கையால் எடுத்து எறிந்தான். பழகாத கை. குறி தப்பிச் செம்பு கதவில் பட்டது. அடுத்து வேறு எதை எறிவதென்று தேடினான். கொக்கிக்காரர் குனிந்து செம்பை எடுத்து அவன் கைக்கு எட்டும்படி மறுபடி மேஜையில் வைத்தார். இரண்டாவது முறை குறி தப்பவில்லை. புருவத்துக்கு மேல் மூன்று தையல் போட்டார்கள்.

ஊர் திரும்பிய பிறகு கொக்கிக்காரர் மீட்பு வண்டியைத் தொடவில்லை. யார் போன் செய்தாலும், "விலா இன்னும் கூடலை" என்றார். விலா எப்போதோ கூடிவிட்டது.

ஐந்தாம் மாதம் விபத்து விசாரணைக்கு அழைத்தார்கள். பழைய பள்ளிக்கூடம்போல் ஒரு கட்டடம், நீண்ட மேஜை, மூன்று அதிகாரிகள். பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மேகம், உயரம், திருப்பம் எல்லாம் பேசி முடிந்து, மச்சானின் முறை வந்தது. அவனிடம் ஒரு இளம் அதிகாரி கேட்டார்.

"எரிபொருள் பெரும்பாலும் வெளியேதான் சிந்தியிருந்துச்சு. தீ பரவ வாய்ப்புக் குறைவுன்னு நிபுணர் சொல்றார். உங்க கையை வெட்டினது அவசியமில்லாத செயல்னு குறிச்சுக்கலாமா?"

கொக்கிக்காரர் தரையைப் பார்த்தார். மச்சான் எழுந்து நின்றான். வலது சட்டைக் கையை மடித்துத் தானே தைத்திருந்தான். தையல் கோணல்மாணலாக இருந்தது.

"அந்த நிபுணர் எங்கே உட்கார்ந்து பார்த்தாராம்?"

"அது வந்து..."

"நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன் சார். புகை என் மூக்கில ஏறிச்சு. பொறி என் தலைமேல விழுந்துச்சு. இவர் ஓடிப் போயிருக்கலாம். நானே போகச் சொன்னேன். போகலை. என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க, அவசியமில்லைன்னு மட்டும் எழுதாதீங்க. எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். போடணும்னாலும் இடது கையால இன்னும் சரியா வரலை."

டீச்சர் பின்வரிசையில் மூக்கை உறிஞ்சினார். அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

வெளியே படிக்கட்டில் இருவரும் நின்றார்கள். கொக்கிக்காரர் மடித்துத் தைத்த அந்தச் சட்டைக் கையைப் பார்த்தார். "தப்புப் பண்ணிட்டேன் மச்சான்" என்றார். தன் வாழ்நாளில் யாரிடமும் அவர் சொல்லாத வார்த்தை.

மச்சான் சட்டென்று திரும்பினான். "அதை மட்டும் சொல்லிடாதீங்க. தப்புன்னு நீங்களே சொல்லிட்டா, என் கை சும்மா போச்சுன்னு ஆயிடும். அதை நான் எப்படித் தாங்குவேன்? உள்ளே சொன்னது வேற. எனக்கு உங்க மேல இருக்கிற கோபம் தீரலை."

"தீர வேண்டாம்."

"தீராது."

"இன்னொண்ணு சொல்லணும். அன்னைக்கு விமானம் எரியலைன்னதும் நான் தீப்பெட்டியை எடுத்துட்டுப் போனேன். நானே கொளுத்திடலாம்னு."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"கொளுத்தியிருந்தா நான் நம்பியிருப்பேன்" என்றான் மச்சான். "உங்களைச் சாமியாக் கும்பிட்டிருப்பேன்."

"அதான் கொளுத்தலை."

"அதுக்காக இல்ல. உள்ளே ஆளுங்க இருந்தாங்க, அதனால கொளுத்தலை. சும்மா பெருமையடிக்காதீங்க மாமா."

கொக்கிக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அடுத்த வாரம் பதினேழாவது வளைவில் ஒரு காய்கறி லாரி சாய்ந்தது. கொக்கிக்காரர் போனார். தையற்கடையில் இப்போது இரண்டு பெண்கள் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறார்கள். மச்சான் இடது கையால் சாக்பீஸ் பிடித்துத் துணியில் கோடு போடுகிறான். கோடு நேராக வர எட்டு மாதம் பிடித்தது. குளிர் நாட்களில் இல்லாத விரல்கள் தீப்பட்டதுபோல எரிகின்றன. அந்த வேதனை எல்லை மீறும்போது அக்கா வீட்டுக்கு வந்து, வாசலிலிருந்தே கொக்கிக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு, திட்டி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க, எனக்கு நெஞ்சு வலிக்குது" என்று பொய் சொல்கிறாள்.